2 மாதப் பிரசங்கம். 30 வருஷச் சிறை!
காங்கோ நாட்டுக் கிம்பாங்கு சபையின் கதை

1951-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 12-ந்தேதி. ஆப்பிரிக்காவின் நடுவில் இருக்கும் காங்கோ நாட்டில், எலிசபெத்வில் என்ற ஊரின் சிறைச்சாலையில் ஒரு கைதி இறந்துபோனார்.

அவருக்கு வயது 64. அவர் திருடியவர் அல்ல; கொலை செய்தவரும் அல்ல. கிராமத்தில் நின்று பைபிளை வாசித்தார். நோயாளிகளின் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். அதுவும் எத்தனை நாள்? ஒளிவு மறைவு இல்லாமல் அவர் பிரசங்கம் செய்தது இரண்டே மாதம்தான்!

அதற்காக 30 வருஷம் சிறையில் இருந்தார். உள்ளே போனபோது அவருக்கு இளம் மனைவியும் மூன்று சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த மனைவியின் முகத்தை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

அவர் பெயர் சீமோன் கிம்பாங்கு. இன்று காங்கோவிலும் அக்கம்பக்கத்து நாடுகளிலும் அவர் பெயரால் நடக்கும் சபையில் பல லட்சம் பேர் இருக்கிறார்கள். ஆப்பிரிக்கர்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட கிறிஸ்தவ சபைகளில் மிகப் பெரியவற்றில் அது ஒன்று. அந்தச் சபையில் ரொட்டிக்குக் கோதுமை கிடையாது. ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் கிடையாது. பாட்டுப் புத்தகம் அச்சுக்கூடத்தில் தொடங்கவில்லை; கனவில் தொடங்கியது என்கிறார்கள்!

இது எப்படி நடந்தது?

ராஜாவின் தோட்டம்

காங்கோ பெரிய தேசம். 1885-ம் ஆண்டு முதல் 1908-ம் ஆண்டு வரை அது பெல்ஜியம் நாட்டு ராஜா லியோபோல்டின் சொந்தச் சொத்தாக இருந்தது. ஒரு தேசம் முழுவதும் ஒரு மனிதனின் தோட்டம்! ரப்பர் பால் குறைந்தால் ஜனங்களுக்குச் சவுக்கடி. கைகளை வெட்டிய கொடுமையும் நடந்தது. உலகமே காறித் துப்பிய பிறகு, 1908-ல் பெல்ஜியம் சர்க்கார் அந்த நாட்டைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. ஆனாலும் கட்டாய வேலையும் வரியும் போகவில்லை.

காங்கோவின் மேற்குப் பகுதியில், குன்றின்மேல் என்காம்பா என்று ஒரு கிராமம். 1887-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந்தேதி கிம்பாங்கு அங்கே பிறந்தார் என்று சபையார் சொல்லுகிறார்கள். மறைந்திருப்பதை வெளிப்படுத்துகிறவன் என்பது அந்தப் பெயருக்கு அர்த்தமாம். சிறு வயதிலேயே தாயை இழந்தவரை அத்தை முறையானவர் எடுத்து வளர்த்தார்.

அந்தப் பக்கத்தில் இங்கிலாந்தைச் சேர்ந்த பாப்டிஸ்ட் பாதிரியார்கள் ஊழியம் செய்துவந்தார்கள். கிம்பாங்கு அவர்களிடம் எழுதப் படிக்கக் கற்றார். 1915-ம் ஆண்டு அவரும் அவர் மனைவி மேரி முவிலுவும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

1918-ம் ஆண்டில் விஷக் காய்ச்சல் உலகம் முழுவதும் பரவி ஜனங்களை வாரிக்கொண்டு போனது. அந்த நாளில்தான் கிம்பாங்குவுக்கு ஒரு குரல் கேட்டதாம். 'என் ஜனங்களை நீ மேய்க்க வேண்டும்' என்ற பொருளில் அது பேசியதாம். அவர் பயந்துபோனார். 'நான் படித்தவன் அல்ல; வேறு ஆளைப் பாருங்கள்' என்று தட்டிக்கழித்தார். குரல் விடவில்லை. ஊரை விட்டே ஓடி, லியோபோல்ட்வில்லில் கூலி வேலைக்குப் போனார். அங்கேயும் குரல் துரத்தியது. கடைசியில் ஊருக்கே திரும்பிவிட்டார்.

ஏப்ரல் 6

1921-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந்தேதி. பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண் கடும் நோயில் கிடந்தாள். கிம்பாங்கு அவள்மேல் கை வைத்து ஜெபித்தார். அவள் எழுந்துவிட்டாள் என்று செய்தி பரவியது.

அவ்வளவுதான்! நோயாளிகளைத் தூளியில் வைத்துச் சுமந்துகொண்டு ஜனங்கள் என்காம்பாவுக்கு நடந்தார்கள். தோட்டங்களில் வேலை செய்ய ஆள் இல்லை. மிஷன் ஆஸ்பத்திரிகளில் படுக்கைகள் காலியாயின. பைபிளும் பாட்டுப் புத்தகமும் விற்றுத் தீர்ந்தன.

வந்தவர்களுக்கு அவர் சொன்னது சுருக்கம். மாந்திரீகப் பொம்மைகளை எறியுங்கள். ஒருவனுக்கு ஒரு மனைவி போதும். கூத்தும் குடியும் வேண்டாம். வழியோரங்களில் மாந்திரீகப் பொம்மைகள் குவிந்து கிடந்தன. பாதிரியார்கள் பல வருஷம் பாடுபட்டும் நடக்காதது இது!

அந்த ஜில்லாவின் அதிகாரி மோரல் என்ற பெல்ஜியக்காரர். மே மாதம் 11-ந்தேதி நேரிலேயே பார்க்க வந்தார். கிம்பாங்கு பைபிளைத் திறந்தார். ராட்சதன் கோலியாத்தைச் சிறுவன் தாவீது கவண்கல்லால் வீழ்த்திய கதையை உரத்த குரலில் வாசித்தார். வந்தவருக்கு அது புரியாமலா இருக்கும்?

ஜூன் மாதம் 6-ந்தேதி அந்த அதிகாரி பட்டாளத்தோடு வந்தார். துப்பாக்கி வெடித்தது. கிராமம் சூறையாடப்பட்டது. கூட்டத்துக்குள் புகுந்து கிம்பாங்கு மட்டும் மறைந்துவிட்டார். ஏப்ரல் 6 முதல் ஜூன் 6 வரை! அவருடைய பிரசங்கத்தின் ஆயுள் அவ்வளவே.

மூன்று மாதம் ஒளிந்திருந்தார். பிறகு, 'எனக்காக யாரும் கை ஓங்கக்கூடாது' என்று சீடர்களிடம் சொல்லிவிட்டு, செப்டம்பர் 12-ந்தேதி தம் கிராமத்துக்குத் தாமே வந்து சிப்பாய்களிடம் கையை நீட்டினார். அன்று அவருடைய பிறந்தநாள் என்பதைச் சபையார் மறக்காமல் சொல்லுகிறார்கள்.

ராணுவக் கோர்ட்டில் விசாரணை நடந்தது. குற்றவாளிக்காக வாதாட வக்கீல் கிடையாது. அக்டோபர் 3-ந்தேதி தீர்ப்பு: 120 கசையடி, பிறகு மரண தண்டனை!

பாப்டிஸ்ட் பாதிரியார்கள் சிலர் கருணை காட்டும்படி கேட்டுக்கொண்டார்கள். பெல்ஜியம் ராஜா ஆல்பர்ட், மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். கிம்பாங்குவை 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால், நாட்டின் மறு கோடியிலிருந்த எலிசபெத்வில் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊருக்கு இப்போது லுபும்பாஷி என்று பெயர்.

மேரி என்ற பெண்மணி

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். சர்க்காரும் அப்படித்தான் நினைத்தது. ஆனால் வீட்டில் ஒருத்தி இருந்தாள். அவளை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை.

மேரி முவிலுவின் நிலையை நினைத்துப் பாருங்கள். புருஷன் சிறையில். மூத்த மகன் கிசோலோகெலே ஏழு வயதுப் பையன். அவனைத் தகப்பனோடேயே பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு தூரத்து ஊரில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள். கடைசி மகன் டியாங்கியேண்டாவும் பிற்பாடு அதே பள்ளிக்குப் போக நேர்ந்தது. நடுப்பிள்ளை டியாலுங்கானா மட்டும் தாயோடு இருந்தான். கிராமத்தைச் சுற்றிக் காவல். அவளைப் பார்க்க வருகிறவன் பிடிபட்டால் அவனுக்கும் தண்டனை.

தாயும் மகனும் வயலில் வேலை செய்து பிழைத்தார்கள். இரவானால் யாராவது ஒருவர் காட்டுப் பாதையில் பதுங்கி வருவார். ஆலோசனை கேட்பார். அவள் ஜெபம் செய்து அனுப்புவாள். இப்படி ஒருநாள் இருநாள் அல்ல, 38 வருஷம்! சபையில் எத்தனையோ பேரைப் புகழ்ந்து பேசுகிறார்கள். இந்த அம்மாளைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

சபையாருக்குக் காடே கோவில் ஆயிற்று. நள்ளிரவில் கூடி, தாழ்ந்த குரலில் பாடிவிட்டு, விடியுமுன் கலைந்துவிடுவார்கள். பிடிபட்டவர்களைக் குடும்பத்தோடு நாடு கடத்துவதுபோல் தூர தூர மாகாணங்களுக்கு அனுப்பினார்கள். 37,000 குடும்பங்கள் இப்படிப் போயின என்பது சபையின் கணக்கு. அது அதிகம் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. கணக்கு எதுவானாலும், பலர் போன இடத்திலேயே மாண்டார்கள்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். ஒரு மூலையில் இருந்த சபையைச் சர்க்காரே தன் செலவில் நாடு முழுவதும் கொண்டுபோய் விதைத்தது! போன இடங்களில் வேறு பாஷை பேசும் வேறு ஜாதியார் இந்தப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டு கூட வந்து உட்கார்ந்தார்கள்.

பள்ளிக்குக் கொண்டுபோன பிள்ளைகள் பிரெஞ்சு பாஷை கற்றார்கள். வளர்ந்து சர்க்கார் ஆபீசிலேயே வேலைக்கு அமர்ந்தார்கள். சர்க்காருக்கு எப்படி மனு எழுதுவது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. 1950-ம் ஆண்டுகளின் பின்பகுதியில் சபையார் சுமார் 600 பேர் கையெழுத்திட்டு ஒரு மனு அனுப்பினார்கள். 'எங்களைத் தனித்தனியே ஏன் துன்புறுத்துகிறீர்கள்? எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிறோம். ஒன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்ற கருத்தில் அது இருந்தது.

சர்க்கார் இறங்கிவந்தது. 1959-ம் ஆண்டு டிசம்பர் 24-ந்தேதி, கிறிஸ்துமசுக்கு முந்தின நாள், சபைக்குச் சட்டப்படி அங்கீகாரம் கிடைத்தது.

மேரி முவிலு அதைப் பார்க்கவில்லை. அதே வருஷம் ஏப்ரல் 27-ந்தேதி அவள் கண்ணை மூடிவிட்டாள். எட்டு மாதம் முந்திவிட்டது.

1960-ம் ஆண்டு ஏப்ரலில் கிம்பாங்குவின் உடலைத் தோண்டி எடுத்து என்காம்பாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதே வருஷம் ஜூன் 30-ந்தேதி காங்கோ சுதந்திரம் அடைந்தது.

பாட்டு வந்த விதம்

இனி அவர்களுடைய பழக்கவழக்கங்களைப் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

முதலில் பாட்டு. 1921-ல் கூட்டம் பெருகியபோது, மிஷன் பாட்டுப் புத்தகத்தை இவர்கள் பாடுவதற்கு எதிர்ப்பு வந்ததாம். கிம்பாங்கு தனியே போய் ஜெபித்தார். வானத்திலிருந்து பாட்டுக் கேட்டது. அதைச் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். சபையார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது.

அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் இருக்கிறது. பாட்டைத் தாங்கள் எழுதுவதாக அவர்கள் சொல்லுவதில்லை, 'பிடிப்பதாக'ச் சொல்லுகிறார்கள். ஒருவருக்குக் கனவில் வரும். ஒருவருக்கு வயலில் களை எடுக்கும்போது காதில் விழும். எழுத்து தெரியாத கிழவிக்கும் வரலாம். ஆனால் வந்ததை எல்லாம் உடனே சபையில் பாடிவிட முடியாது! பாட்டுகளைப் பரிசீலிப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துச் சம்மதித்த பிறகே மேடை ஏறும்.

பாட்டுக்குத் துணையாகப் புல்லாங்குழல் கூட்டம், பித்தளை வாத்தியக் கூட்டம் எல்லாம் உண்டு. லியோபோல்ட்வில் நகரத்துக்கு இப்போது கின்ஷாசா என்று பெயர். அங்கே 1994-ம் ஆண்டு கிம்பாங்குவின் பேரன் அர்மாண்ட் டியாங்கியேண்டா ஒரு பெரிய மேல்நாட்டுச் சங்கீதக் குழுவையே தொடங்கினார். அவர் தொழிலில் விமானி. வாத்தியங்கள் போதவில்லை; ஒரு வயலினைப் பலர் முறைபோட்டுப் பழகினார்கள். தந்தி அறுந்தால் வாங்கப் பணம் ஏது? சைக்கிள் பிரேக் கம்பியை எடுத்துக் கட்டி வாசித்தார்கள்! அந்தக் கம்பியில் பீத்தோவனின் சங்கீதம் ஒலித்தது. 2010-ம் ஆண்டு ஜெர்மானியர்கள் இதைப் படமாக எடுத்தார்கள்.

உருளைக்கிழங்கு ரொட்டி

கிறிஸ்தவர்களுக்கு ராப்போஜனம் முக்கியம். இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் எடுப்பார்கள். கிம்பாங்கு சபையில் 50 வருஷம் அது நடக்கவே இல்லை. ஒளிந்து வாழ்ந்த காலத்தில் அதற்கு வசதி ஏது?

1971-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந்தேதி, முதல் அற்புதம் நடந்து சரியாக 50 வருஷம் ஆன நாளில், என்காம்பாவில் முதல் ராப்போஜனம் நடந்தது. ஆனால் காங்கோவில் கோதுமை விளைகிறதா? திராட்சைத் தோட்டம் இருக்கிறதா? சபையோ குடியைத் தொடக்கூடாது என்கிறது. கடல் கடந்து வரும் சாராயத்தைக் கொண்டுவந்து கர்த்தருக்கு வைப்பதா?

உருளைக்கிழங்கு, மக்காச்சோள மாவு, வாழைக்காய் ஆகியவற்றைச் சேர்த்து அப்பம் செய்தார்கள். திராட்சரசத்துக்குப் பதிலாகத் தண்ணீரில் தேனைக் கலந்தார்கள். தங்கள் மண்ணில் விளைந்தது, தங்கள் காட்டில் கிடைத்தது.

ஞானஸ்நானமும் தனி விதம். ஆற்றில் முழுக்குவதும் இல்லை, தலையில் தண்ணீர் தெளிப்பதும் இல்லை. ஓரளவு விவரம் தெரிந்த வயது வந்த பிறகு, போதகர் தலையில் கை வைத்து ஜெபம் செய்வார். ஆவியினால் கிடைக்கும் ஞானஸ்நானம் இதுவே என்கிறார்கள். பெண்களும் அங்கே போதகராகலாம். மேரி முவிலு காத்த சபையில் அதை யார் தடுப்பது?

அன்பு, கட்டளை, வேலை. இந்த மூன்றும் அவர்கள் தாரக மந்திரம். கட்டளைகளில் சில: மது கூடாது. புகையிலை கூடாது. ஆட்டம் கூடாது. பன்றி இறைச்சியும் குரங்கு இறைச்சியும் கூடாது. இரண்டாவது மனைவி கூடாது. உடம்பில் துணியில்லாமல் தூங்குவதுகூடக் கூடாது! சபைக்குப் பச்சையும் வெள்ளையும் நிறம். ஊர்வலம் போனால் தெரு முழுக்க அந்த இரண்டு நிறந்தான்.

காணிக்கைப் போட்டி

காணிக்கை எடுப்பதைப் பார்க்க வேண்டுமே! ஆண்கள் ஒரு கட்சி. பெண்கள் ஒரு கட்சி. வாத்தியம் முழங்க, அடியெடுத்து அடியெடுத்து வரிசையாக வந்து காசைப் போடுவார்கள். எண்ணிப் பார்த்துத் தொகையை ஒலிபெருக்கியில் சொல்லுவார்கள். தோற்ற கட்சி சும்மா இருக்குமா? மறுபடி வாத்தியம், மறுபடி வரிசை. மணிக்கணக்கில் இது நடக்கும். இதற்கு இன்சின்சானி என்று பெயர்.

வெளிநாட்டு மிஷன் பணம் இல்லாமல், இப்படிச் சேர்ந்த சில்லறையில் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் ஒரு சர்வகலாசாலையும் எழுந்தன. என்காம்பாவில் கட்டிய பெரிய ஆலயத்துக்குச் சபையார் கல்லையும் மணலையும் தலையில் சுமந்தார்கள். 1981-ல் முடிந்த அந்த ஆலயத்தில் 37,000 பேர் உட்காரலாம். ஊர் கடத்தப்பட்ட குடும்பங்களின் கணக்கும் அதுதான் அல்லவா? ஏழைகள் போட்டி போட்டுக்கொண்டு கொடுப்பதில் பெருமையும் உண்டு, பாரமும் உண்டு. வீட்டில் அரிசிப் பானையைப் பார்க்காமல் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் இருப்பார்கள்.

வீட்டுக்குள் சண்டை

1969-ம் ஆண்டு உலகச் சபைகள் மன்றம் கிம்பாங்கு சபையைத் தன் அங்கமாக ஏற்றது. மிஷனரிகள் தொடங்காத ஓர் ஆப்பிரிக்க சபைக்கு அது பெரிய மரியாதை. அப்போது தலைவராக இருந்தவர் கடைசி மகன் டியாங்கியேண்டா.

பிற்காலத்தில் ஒரு கேள்வி வளர்ந்தது. கிம்பாங்கு யார்? தீர்க்கதரிசியா? அதற்கும் மேலானவரா?

யோவான் சுவிசேஷத்தில், தாம் போன பிறகு ஒரு தேற்றரவாளன் வருவார் என்று இயேசு சொல்லுகிறார். அது பரிசுத்த ஆவி என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அந்தப் பரிசுத்த ஆவியே கிம்பாங்கு வடிவில் வந்தார் என்று சபையார் வெளிப்படையாகச் சொல்லத் தொடங்கினார்கள். மூன்று மகன்களையும் திரியேகத்தோடு சேர்த்துப் பேசினார்கள். நடு மகன் டியாலுங்கானா கிறிஸ்துவே என்றார்கள். அவர் பிறந்தது 1916-ம் ஆண்டு மே மாதம் 25-ந்தேதி. 1999-ம் ஆண்டு முதல் கிறிஸ்துமசையே டிசம்பரிலிருந்து மே 25-க்கு மாற்றிவிட்டார்கள்!

மற்ற சபைகள் திடுக்கிட்டன. பைபிளுக்கு இது அடுக்காது என்றன. கிம்பாங்கு தம்மைக் கிறிஸ்துவின் ஊழியனாகவே சொல்லிக்கொண்டார். இரண்டு மாதம் பேசியவர், அதன்பின் 30 வருஷம் வாய் திறக்க வழியில்லாதவர். அவர் யார் என்பதைப் பிறகு வந்தவர்கள் சொல்லிக்கொள்ள இடம் ஏற்பட்டுவிட்டது.

கடைசி மகன் 1992-ல் காலமானார். நடு மகன் தலைவரானார். அவரும் 2001-ல் காலமானார். பேரன் சீமோன் கிம்பாங்கு கியாங்கானி பட்டத்துக்கு வந்தார். உடனே பங்காளிச் சண்டை! பேரப்பிள்ளைகள் 26 பேர். எல்லோருக்கும் சமமான பங்கு என்றது ஒரு கட்சி. தலைவர் ஒருவரே என்றது மற்றொரு கட்சி. சபை இரண்டாகப் பிரிந்து, தனித்தனியே ஆராதனை நடத்துகிறது.

ஏப்ரல் 6 மறுபடி

2023-ம் ஆண்டு முதல் ஏப்ரல் 6 காங்கோ முழுவதற்கும் விடுமுறை நாள். அவரைக் கைதி என்று எழுதிவைத்த நாட்டின் அரசாங்கக் காலண்டரில் இன்று அவர் நாள்!

அன்று என்காம்பாவுக்குப் போகும் பாதை நிரம்பிவிடும். அவர்கள் அதைப் புதிய எருசலேம் என்கிறார்கள். ஊர் எல்லை வந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். ஏழையும் மந்திரியும் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும்.

குன்றில் ஒரு ஊற்று இருக்கிறது. நோய் தீர்க்கும் என்று நம்பி அந்தத் தண்ணீரைக் குடிப்பார்கள், முகத்தில் தெளித்துக்கொள்வார்கள். ஊருக்குத் திரும்பும்போது பாத்திரங்களில் நிரப்பிக்கொள்வார்கள். வர முடியாத தாய்க்கு ஒன்று. படுக்கையில் கிடக்கும் பிள்ளைக்கு ஒன்று. பக்கத்து வீட்டுக்காரி கேட்டனுப்பியது ஒன்று. தலையில் பாத்திரமும் கையில் செருப்புமாக, பாடிக்கொண்டே இறங்குகிறார்கள்.